கல்லாவில் எடுப்பது சம்பளமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முந்திரி வறுத்து பாக்கெட் போட்டு விற்கிறேன். பருப்பு பண்ருட்டியில் வாங்குகிறேன். தொழில் என் ஒருவன் பெயரில்தான். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் (வியாபாரத்தில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை). உள்ளூர்க் கடைகளுக்குப் போடுவது போக, பாண்டிச்சேரியில் சில கடைகளுக்கும் வாரம் ஒருமுறை சரக்கு போகிறது. இந்த வருடம் வியாபாரம் 1 கோடியே 10 லட்சம் வரும். அதில் சுமார் 80 லட்சம் பேங்க், யுபிஐ வழியாக, மீதி 30 லட்சம் ரொக்கம். செலவெல்லாம் போக 11 லட்சம் நிற்கும் என்று நினைக்கிறேன். வீட்டுச் செலவுக்கு வேண்டியபோது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வேன். போன வருடம் 6 லட்சம் வருமானம் காட்டி ரிட்டர்ன் போட்டோம், வரி வரவில்லை. இப்போது வீடு கட்ட லோன் கேட்டால், இந்த வருமானத்துக்கு அவ்வளவு தர முடியாது என்கிறார்கள். எனக்கு நானே மாதச் சம்பளம் போட்டுக்கொள்ளலாமா? பேக்கிங் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும், கடை கடையாகச் சரக்கு போட லைன் போகும் தம்பிக்கும் சம்பளம் காட்டலாமா? பிரைவேட் லிமிடெட் ஆக்கினால் 12.75 லட்சம் வரை வரியே இல்லாமல் சம்பளம் எடுக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: சம்பளத்தில் தொடங்குவோம். தனி உரிமையாளர் தொழிலில் முதலாளிக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. சட்டத்தின் பார்வையில் நீங்களும் உங்கள் கடையும் ஒரே ஆள், ஒரே பான் எண். தனக்குத்தானே ஒருவர் சம்பளம் கொடுத்து அதைச் செலவில் எழுத முடியாது. மாதம் 50 ஆயிரம் ‘சம்பளம்’ என்று நோட்டில் எழுதினாலும், கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் அதை ‘டிராயிங்ஸ்’ பக்கத்துக்கு மாற்றிவிடுவார். அது உங்கள் முதலில் இருந்து நீங்கள் எடுத்த பணம், அவ்வளவுதான். வருடத்தில் 3 லட்சம் எடுத்தாலும் 10 லட்சம் எடுத்தாலும் வரியில் ஒரு ரூபாய் மாறாது. வரி லாபத்தின் மேல் விழுகிறது, நீங்கள் எடுத்ததன் மேல் இல்லை. ஒரு பைசா எடுக்காமல் முழு லாபத்தையும் சரக்கில் போட்டாலும் அந்த 11 லட்சத்துக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

லோன் கிடைக்காததற்குக் காரணம் சம்பளச் சீட்டு இல்லாதது அல்ல. போன வருட ரிட்டர்னில் இருக்கும் அந்த 6 லட்சம்தான் காரணம்.

அந்த 6 லட்சம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்; பாதி கடைத்தெரு இப்படித்தான் ரிட்டர்ன் போடுகிறது. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் 2 கோடி வரை வியாபாரம் உள்ளவர்கள் முழுக் கணக்குப் புத்தகம் வைக்காமல், வியாபாரத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். பேங்க், யுபிஐ வழியாக வந்ததற்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம். இந்த வருடத்துக்கு உங்களுக்குப் போட்டுப் பார்த்தால் 80 லட்சத்துக்கு 4.80 லட்சம், 30 லட்சத்துக்கு 2.40 லட்சம், மொத்தம் 7.20 லட்சம். ‘ஆறு, எட்டு காட்டினால் போதும், மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்’ என்பது கடைத்தெருவில் வேதவாக்கு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்த 6-ம் 8-ம் குறைந்தபட்சம். அதற்கு மேல் உண்மையில் சம்பாதித்திருந்தால் அந்தத் தொகையைத்தான் காட்ட வேண்டும் என்பது அதே பிரிவிலேயே இருக்கிறது. 11 லட்சம் நிற்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் காட்ட வேண்டியது 11 லட்சம்.

உடனே வரியை நினைத்துப் பயப்பட வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியதே இதுதான்: எதற்காகக் குறைத்துக் காட்டுகிறீர்கள்? 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம். 11 லட்சத்துக்கு அட்டவணைப்படி 20,000 + 30,000, ஆக 50,000 வருகிறது. ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடி அந்த 50,000-ஐயும் முழுதாக அடித்துவிடுகிறது. கட்ட வேண்டிய வரி பூஜ்யம். 7.20 லட்சம் காட்டினாலும் பூஜ்யம், 11 லட்சம் காட்டினாலும் பூஜ்யம். குறைத்துக் காட்டுவதால் மிச்சமாவது ஒன்றுமில்லை. கைவிட்டுப் போவது வீட்டு லோன். 2024-25 வரை அந்தத் தள்ளுபடி 7 லட்சத்தோடு நின்றது, அதனால் பலரும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றார்கள். பழக்கம் இன்னும் போகவில்லை. எஃப்டி வட்டி, வாடகை என்று வேறு வருமானம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் 12 லட்சம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் 60 ஆயிரம் எடுக்கும் ஒருவர் வருடத்துக்கு 7.20 லட்சம் செலவழிக்கிறார். அவர் ரிட்டர்னில் 6 லட்சம் என்று இருந்தால், மீதி எங்கிருந்து வந்தது? பேங்கில் போட்ட பெரிய ரொக்கம், வாங்கிய நிலம், எஃப்டி வட்டி எல்லாம் பான் எண்ணோடு சேர்ந்து ஏஐஎஸ் என்ற அறிக்கையில் வந்துவிடுகிறது. வருமான வரி இணையதளத்தில் நுழைந்து உங்களுடையதை ஒருமுறை பாருங்கள். உங்களைப் பற்றி இலாகாவுக்கு எவ்வளவு தெரியும் என்பது பலருக்கும் அங்கேதான் முதலில் உறைக்கிறது.

பேங்க் பொதுவாக இரண்டு, மூன்று வருட ரிட்டர்ன் கேட்கும். ஒரே வருடத்தில் 6-லிருந்து 11-க்கு ஏறினால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குத்தான் கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், லாப நஷ்டக் கணக்கு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அவசரமில்லை என்றால் இந்த வருடமும் அடுத்த வருடமும் சரியாகக் காட்டிவிட்டு லோனுக்குப் போங்கள். கேட்கும் தொகை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இனி, எவ்வளவு எடுப்பது. சம்பளம் இல்லை என்றேனே தவிர, மாதாமாதம் ஒரே தொகை எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கட்டாயம் அப்படித்தான் எடுக்க வேண்டும். என்னிடம் வரும் கடைக்காரர்களின் ரொக்க நோட்டில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘பெட்ரோல் 300, பாப்பா ஸ்கூல் ஃபீஸ் 8,500, பண்ருட்டி பார்ட்டி 40,000, கேஸ் சிலிண்டர், மொய் 1,001, கவர் ரோல்’. இதில் எது கடைச் செலவு, எது வீட்டுச் செலவு என்று மார்ச் மாதம் உட்கார்ந்து பிரிப்பதற்குள் ஆடிட்டருக்கும் உங்களுக்கும் சண்டை வந்துவிடும். கேஸ் சிலிண்டர் வறுக்கும் அடுப்புக்கா, வீட்டு அடுப்புக்கா? அன்றைக்கு எழுதியவருக்கே நினைவிருக்காது.

உங்கள் 11 லட்சம் மாதத்துக்குச் சுமார் 92 ஆயிரம். அதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. வறுக்கும் மெஷினுக்கோ வண்டிக்கோ லோன் ஓடுகிறதென்றால், தவணையில் வட்டி மட்டும்தான் செலவில் போகும். அசல், லாபத்திலிருந்துதான் கட்டப்படுகிறது. லாபக் கணக்கில் தெரியாமல் பணம் கரையும் இடம் இது. அடுத்தது சரக்கு. முந்திரி அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கி வைத்தால்தான் விலை கட்டும், அதற்குக் கையில் முதல் வேண்டும். அசலுக்கு 11 ஆயிரம், சரக்கு முதலுக்கு 20 ஆயிரம், பிறகு வரப்போகும் வரிக்கு (கீழே சொல்கிறேன்) கொஞ்சம் என்று ஒதுக்கினால், நீங்கள் தைரியமாக எடுக்கக்கூடியது 50 முதல் 55 ஆயிரம். தீபாவளி மாதத்து விற்பனையைப் பார்த்து இந்தத் தொகையைத் தீர்மானிக்காதீர்கள். கல்யாணமும் பண்டிகையும் இல்லாத மாதத்தில் கடை எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வையுங்கள். தீபாவளியில் மிஞ்சுவதை வருடக் கடைசியில் ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம்.

எடுக்கும் விதம்: கரண்ட் அக்கவுண்டிலிருந்து உங்கள் சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு, மாதம் ஒரு குறித்த தேதியில், ஒரே டிரான்ஸ்ஃபர். கல்லாவில் விழும் ரொக்கம் அன்றன்றைக்கு பேங்குக்குப் போக வேண்டும். வீட்டுச் செலவு முழுவதும் சேவிங்ஸிலிருந்து. மூன்றாவதாக ஒரு சின்னக் கணக்கு, வரிக்கு மட்டும். மனைவியிடம் கல்லாச் சாவி இருந்தால் இந்த ஏற்பாட்டை முதலில் அவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே உடைந்துவிடும்.

அந்த வரிக் கணக்கு ஏன்? அடுத்த வருடம் வியாபாரம் வளர்ந்து லாபம் 14 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும். இதே விகிதத்தில் 20,000 + 40,000, அதற்கு மேலுள்ள 2 லட்சத்துக்கு 15 சதவீதம் 30,000, ஆக 90,000; 4 சதவீத செஸ் சேர்த்து 93,600. மாதம் 7,800 ஒதுக்கினால் வருடம் முடிவதற்குள் பணம் தயார். (12 லட்சத்தை ஐயாயிரம் பத்தாயிரம் தாண்டியவர்கள் பதற வேண்டாம், கூடுதலாகச் சம்பாதித்ததைவிட வரி அதிகமாகிவிடாதபடி ஒரு நிவாரணம் உண்டு.)

சம்பளக்காரருக்குக் கம்பெனி மாதாமாதம் டிடிஎஸ் பிடித்துவிடுகிறது. உங்களுக்குப் பிடிக்க ஆள் இல்லை, நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வருட வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே அட்வான்ஸ் டேக்ஸ் கட்ட வேண்டும். மற்ற தொழில்காரர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணை. 44ஏடியில் இருப்பவர்களுக்கு ஒரே தவணை, மார்ச் 15. அதைக் கட்டாமல் ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், 93,600-க்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதம் ஒரு சதவீதம் 3,744, மார்ச் தவணையைத் தவறவிட்டதற்கு 936, ஆக 4,680 ரூபாய் தண்டம். பெரிய தொகை இல்லைதான், ஆனால் சும்மா கொடுப்பானேன். ஏப்ரல் 1, 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்கள் வேறு, ‘மதிப்பீட்டு ஆண்டு’ போய் ‘வரி ஆண்டு’ என்று இருக்கும். இங்கே நான் சொல்லும் எண்கள் பழைய சட்டத்தினுடையவை.

வீட்டு லோன் வந்தபிறகு பழைய வரி முறைக்குப் போனால் லாபமா என்று கேட்பீர்கள். 14 லட்சத்தில் வட்டிக்கு 2 லட்சம், சேமிப்புக்கான 80சி பிரிவில் 1.5 லட்சம் கழித்தாலும் பழைய முறையில் 1,32,600 வருகிறது. புதிய முறையிலேயே இருங்கள்.

மனைவி சம்பளம். 44ஏடியில் லாபம் சதவீதமாகப் போட்ட பிறகு அதிலிருந்து எந்தச் சம்பளத்தையும் கழிக்க முடியாது. உண்மையான லாபத்தைக் கணக்கிடும்போது மனைவி சம்பளத்தைச் செலவாக எழுதினாலும், கணவனின் தொழிலிலிருந்து மனைவி வாங்கும் சம்பளம் திரும்பக் கணவனின் வருமானத்திலேயே சேர்க்கப்படும். 64-வது பிரிவு அப்படி. மனைவிக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அதனால் மட்டுமே வரும் சம்பளம் என்றால் விலக்கு உண்டு. அனுபவத்தையே தகுதியாக ஏற்ற தீர்ப்புகளும் இருக்கின்றன. ஆனால் 12 லட்சத்துக்குக் கீழே இருக்கும் உங்களுக்கு, வரியே இல்லாத இடத்தில் இந்த வழக்காட்டம் எதற்கு? அவர் உழைப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவர் பெயரில் ஒரு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்கி மாதாமாதம் போடுங்கள். உங்களுக்கும் அவருக்கும் பிஎஃப் போட முதலாளி இல்லை. பிபிஎஃப், என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இரண்டில் ஒன்றாவது இப்போதே தொடங்கியாக வேண்டும். டிராயிங்ஸில் அதையும் சேர்த்தே தொகையைத் தீர்மானியுங்கள்.

தம்பி விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அவர் சம்பளம் உங்கள் வருமானத்தோடு சேராது, தாராளமாகக் கொடுக்கலாம். வெளியாள் ஒருவர் லைன் போனால் என்ன கொடுப்பீர்களோ அந்த அளவில், பேங்க் வழியாகக் கொடுங்கள்.

பிரைவேட் லிமிடெட். நண்பர் சொன்ன 12.75 லட்சம் கணக்கு சரிதான். சம்பளத்துக்கு மட்டும் கிடைக்கும் 75,000 நிலையான கழிவால் வருவது அது. ஆனால் உங்கள் லாபமே 11 லட்சம். இப்போது உங்களுக்கு அதனால் பைசா பயனில்லை. 14 லட்சம் ஆனால்? 12.75 லட்சம் சம்பளமாக எடுத்து, மீதி 1.25 லட்சத்துக்குக் கம்பெனி 115பிஏஏ பிரிவில் வரி கட்டினால் சுமார் 31,500. தனியாக இருந்தால் 93,600. சுமார் 62 ஆயிரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் கம்பெனிக்கு வியாபாரம் எவ்வளவு சின்னதானாலும் வருடாவருடம் ஆடிட் கட்டாயம். கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டு ரிட்டர்ன்கள், உங்கள் சம்பளத்துக்கே டிடிஎஸ் ரிட்டர்ன், முழுக் கணக்குப் புத்தகம். 44ஏடி கம்பெனிக்குக் கிடையாது. மிச்சத்தில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். (அந்த ஃபீஸ் எங்களைப் போன்றவர்களுக்கு வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.) அதைவிட முக்கியம், அன்றைக்குக் கல்லாவில் கை வைக்க முடியாது. கம்பெனிப் பணத்தைச் சொந்தச் செலவுக்குக் கைமாற்றாக எடுத்தால், டிவிடெண்டாகக் கருதி வரி போட வழி இருக்கிறது. உங்கள் இப்போதைய பழக்கத்துக்கு அது ஆபத்து. பங்குதாரர் வேண்டும், முதலீடு வெளியிலிருந்து வருகிறது என்ற நிலை வந்தால் பேசுவோம்.

தொழில் வரியை விட்டுவிடாதீர்கள். அது மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை; வருடத்துக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. காம்போசிஷனில் இருந்துகொண்டு பாண்டிச்சேரிக்குச் சரக்கு போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கடலூரிலிருந்து பார்த்தால் பாண்டி பக்கத்து ஊர். டவுன் பஸ்ஸில் போகிற மாதிரி போய் வருகிறோம். ஜிஎஸ்டிக்கு எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் அது வேறு மாநிலம். காம்போசிஷனில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது. வாங்கலாம், விற்கக் கூடாது. விற்றால் காம்போசிஷன் தகுதியே போகும். அதிகாரி கண்டுபிடித்தால் அந்தக் காலத்துக்குச் சாதாரண விகிதத்தில் வரியும் அதன்மேல் அபராதமும் கேட்பார். லாபத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று மேலே போட்ட கணக்கெல்லாம் ஒரே நோட்டீஸில் கலைந்துபோகும்.

உங்களுக்கு இரண்டு வழி. பாண்டி வியாபாரத்தை நிறுத்துவது, அல்லது காம்போசிஷனை விட்டு ரெகுலருக்கு (பில்லில் வரி போட்டு வாங்கும் சாதாரண முறைக்கு) மாறுவது. நான் இரண்டாவதைச் சொல்வேன். காம்போசிஷனில் ஒரு சதவீத வரியை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாமல் கைக்காசில் கட்டுகிறீர்கள், 1.10 கோடிக்கு 1.10 லட்சம். பண்ருட்டியில் பருப்புக்குக் கொடுக்கும் 5 சதவீத வரியும் திரும்ப வருவதில்லை. ரெகுலரில் அந்த வரியை எடுத்துக்கொள்ளலாம். மசாலா தடவி வறுத்த முந்திரிக்கு இருந்த 12 சதவீதமும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது, அதனால் விலையில் பெரிய இடி இல்லை. பாண்டிக் கடைக்காரர்கள் ரெகுலரில் இருந்தால் உங்கள் பில்லில் உள்ள ஐஜிஎஸ்டியை (வெளி மாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி) அவர்களும் எடுத்துக்கொள்வார்கள். வரி பில் கொடுப்பவரிடம் வாங்கத்தான் அவர்களுக்கும் விருப்பம். ஒன்று மட்டும்: அதன்பிறகு பேங்கில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதி அரசாங்கத்துடையது, அதை டிராயிங்ஸில் எடுத்துவிடாதீர்கள். இந்தத் தொல்லைக்குப் பதில் பாண்டியிலேயே ஒரு கடை போடலாம் என்று நினைத்தால், அங்கே தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

டிராயிங்ஸ், பிபிஎஃப் எல்லாம் அடுத்த மாதம் தொடங்கினாலும் குடி முழுகாது. ஜிஎஸ்டி விஷயத்துக்கு இந்த வாரமே உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். காம்போசிஷனிலிருந்து வெளியேற சிஎம்பி-04 படிவம் போட வேண்டும்; தகுதி போன நாளிலிருந்து 7 நாளில் போட வேண்டிய படிவம் அது, உங்களுக்கு ஏற்கெனவே தாமதம். கையிருப்புச் சரக்கில் உள்ள வரியை எடுக்க தனியாக இன்னொரு படிவம், அதற்கும் கெடு உண்டு. போகும்போது பில் புத்தகங்களிலிருந்து பாண்டிச்சேரி பில்களை மட்டும் தேதி வாரியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே முதல் சரக்கு எந்த மாதம் போனது என்பதுதான் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி.